முஸாபிர் கேட்டைத் தள்ள மாட்டான்

நான் வெப்சைட் செய்யும் நம் ஒபிஸை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஆனாலும் கிழமைக்கு ஒரு தடவையாவது உங்களில் யாராவது எனக்குக் கோல் எடுக்கிறீர்கள். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, தேத்தண்ணி குடித்தாயிற்றா என்று கேட்டு, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், ஒரு சைட் தேடினா வருதில்ல" என்பீர்கள். அந்தச் செருமலிலேயே எனக்கு விளங்கிவிடும். ஏற்கெனவே பத்து இடத்தில் கையை வைத்துக் குழப்பிவிட்டுத்தான் என்னிடம் வருகிறீர்கள். எனக்குக் கோபம் வரும், ஏசியும் விடுவேன். பிறகு போனை வைத்துவிட்டுத் தனியே இருந்து சிரிப்பேன். இதே குழப்பத்தை உங்களுக்கு முன்னால் உங்களைவிடப் பெரிதாகச் செய்தவள் நான்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி நாநா கேட்டார். நாநா என்றால் அண்ணன், நம் ஒபிஸில் முதலாளி. என்னைவிட வயதில் இளையவர்தான், ஆனாலும் முதலாளி அல்லவா, அதனால் எனக்கும் நாநா. எந்த ஸ்கிரிப்டை எங்கே வைப்பது, எதை எப்படிச் சுருக்குவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது வருஷத்துக்கு ஒருமுறை மாறும், நீங்களும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு பிழையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தப் பிழையால் ஒரு பெண் தன் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பவும் குவைத்துக்குப் போகப் பார்த்தார்.

எனக்கு இந்தத் தொழிலைச் சரியாகச் சொல்லித் தந்தவரும் அவர்தான். கம்பியூட்டரைத் தொட்டே பார்க்காதவர். கற்பிட்டிக்காரி, கடல் தொழில் செய்யும் குடும்பம், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "என்ட பேரை ஏன் ஊரெல்லாம் இழுக்கிறீங்க" என்று பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பார். அக்கா என்றே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, கற்பிட்டிப் பக்கம் டொல்பின் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய காலம் அது. அக்கா இடைக்கிடை ஊருக்கு வந்து போய்ப் பதினொரு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, தன் வீட்டு வளவுக்குள் வருகிறவர்கள் தங்க நான்கு அறை கட்டியிருந்தார். போட் அவருடைய கணவருடையது. விடியக் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவது அவர், சமைத்துப் போடுவது அக்கா. எங்கள் ஒபிஸுக்கு முதன்முதல் வந்த அன்றே கதிரையில் சாய்ந்து இருக்காமல் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"டீச்சர், என்ட மூத்தவள் பெரிய பிள்ளையானதை நான் போனிலதான் கேட்டன். பின்னால சனம் சிரிக்கிற சத்தம், பாட்டுச் சத்தம். நான் அங்க ஆரோ வீட்டுக் குசினியில, அடுப்படியில நிண்டு அழுறன். சின்னவளுக்கு இப்ப ஒன்பது. அவளையும் போனில வளக்கேலாது. இந்த சீசன் நல்லா வந்தா நான் வீட்டில. வராட்டி ஏஜென்சிக்காரன் சொல்லி வச்சிருக்கான், அதே குவைத்துத்தான்."

அவரிடம் ஏற்கெனவே ஒரு பழைய சைட் இருந்தது. ஒரே ஒரு பக்கம், மங்கலான நான்கு படம், எழுத்துப் பிழையோடு கொஞ்சம் இங்கிலீஷ். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொடியன் தங்கியிருந்தபோது செய்து கொடுத்தது. பார்க்கச் சகிக்காது. ஆனால் தேடினால் வந்தது. அதைப் பார்த்துத்தான் போன சீசனில் ஆட்களும் வந்தார்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, நான் புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றேன். எனக்கு அப்போது கை துறுதுறுவென்றிருந்தது. புதுமாதிரி சைட்டுகள் வந்த நேரம். பக்கத்தில் முதலில் ஓர் எழுத்தும் இருக்காது, வெறும் கூடுதான். பிறகு ஸ்கிரிப்ட் ஓடி எழுத்தையும் படத்தையும் கொண்டுவந்து நிரப்பும். அலை அசைகிற மாதிரி, டொல்பின் துள்ளுகிற மாதிரியெல்லாம் செய்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாசல் வைத்தேன். சைட்டைத் திறந்தால் நீலக் கடல், நடுவில் ஒரே அளவில் மூன்று பட்டன்: சிங்களம், தமிழ், இங்கிலீஷ். எதை அமத்துகிறீர்களோ அந்த மொழியில் உள்ளே எல்லாம் வரும். மூன்றில் எதுவும் முந்தி நிற்கக் கூடாது என்பதற்காக, திறக்கும் ஒவ்வொரு தடவையும் பட்டன்களின் வரிசை மாறுகிற மாதிரியும் செய்திருந்தேன்.

ஏன் இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்பீர்கள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. முகாமில் ஒருநாள் எங்கள் உம்மா ஒரு படிவத்தில் பெருவிரலை வைத்தார். எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது அந்தப் படிவம். எதற்கு வைத்தோம் என்று அவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியாது. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதனால் நான் கட்டும் வாசலில் யாருடைய மொழியும் பின்னால் நிற்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தேன். அந்த மூன்று பட்டனைப் பற்றி ஒபிஸுக்கு வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

சைட் போட்டு மூன்றாம் கிழமை அக்கா கோல் எடுத்தார். "டீச்சர், முந்தி நாளைக்கு ஒரு கோலாவது வரும். இப்ப போன் செத்துப்போய்க் கிடக்கு." தேடிப் பார்த்தேன். கற்பிட்டி, அறை, டொல்பின், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் அக்காவின் சைட் இல்லை. அவருடைய வீட்டுப் பேரைப் போட்டுத் தேடினால்கூட ஐந்தாம் பக்கத்தில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது.

இனி நான் செய்த கூத்தைக் கேளுங்கள். பதறிப்போய் ஒரே நாளில் ஏழு இடத்தில் மாற்றினேன். தலைப்பை மாற்றினேன், படங்களைச் சுருக்கினேன், சர்வரை மாற்றினேன், இன்னும் என்னென்னவோ. அடுத்த கிழமை இன்னும் கீழே போனது. ஏழில் எது கெடுத்தது, எது திருத்தியது என்று எனக்கே தெரியாது. மருந்துக் கடையில் உள்ள எல்லாக் குளிசையையும் ஒன்றாக விழுங்கிவிட்டு எதனால் வயிறு வலிக்கிறது என்று கேட்கிற மாதிரி இருந்தது என் கதை.

தேடுபொறியிடமிருந்து ஒரு சின்னப் புரோகிராம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். சைட் சைட்டாகப் போய் வாசித்துக்கொண்டு திரும்பும். அது வாசித்தது மட்டும்தான் தேடும்போது வரும். எங்கள் ஒபிஸில் அதற்கு முஸாபிர் என்று பேர் வைத்திருந்தோம், வழிப்போக்கன். எப்போது வருவான், எப்போது போவான் என்று தெரியாது. "முஸாபிர் வந்தானா?" என்று நாநா காலையில் கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்.

முஸாபிரின் கண்ணுக்கு ஒரு பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு வழி அந்தக் காலத்திலேயே இருந்தது. நான் பார்க்காமல் இருக்கவில்லை. பார்த்தேன். நீலக் கடல் தெரிந்தது, மூன்று பட்டனும் தெரிந்தன. "ஆ, பக்கம் நல்லாத் தெரியுது, இதில பிழையில்ல" என்று சொல்லி மூடிவிட்டேன். என் கம்பியூட்டரில் என்றோ ஒருநாள் தமிழை அமத்தியிருந்தேன். ஒருமுறை அமத்தினால் கம்பியூட்டர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதனால் எனக்கு சைட் எப்போதும் நேராக உள்ளே திறந்தது. வாசலுக்கு அப்பால் நிற்பவனுக்கு உள்ளே என்ன தெரியும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அதைவிட வெட்கக்கேடு, என் தங்கச்சி அதைச் சொல்லியே விட்டாள். எலுவன்குளத்தில் கலியாணம் முடித்திருக்கிறாள். வயல், குளம், அதற்கப்பால் காடு. சிக்னல் வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறவேண்டும். அவளுடைய போனில் சைட் எப்படித் திறக்கிறது என்று கேட்டேன்.

"மூண்டு பட்டன் வருது ராத்தா. அமத்தாட்டி ஒண்டும் இல்ல."

"அது உனக்குச் சிக்னல் இல்லாததால," என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். அமத்தாவிட்டால் ஒன்றும் இல்லை. எங்கள் நோய்க்குப் பேர் அதுதான். அவள் தட்டில் வைத்துத் தந்தாள், நான் தட்டிவிட்டேன். ஆட்கள் ஒரு பிழையைச் சொல்லும்போது அவர்கள் சொன்ன சொல்லையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் உங்களை நச்சரித்ததற்குக் காரணம் இதுதான்.

நவம்பர் முடியப் போகிறது. கடல் அமந்து டொல்பின் வரத் தொடங்கிவிட்டது, பக்கத்து வளவுகளில் வேன்கள் வந்து நிற்கின்றன, அக்காவின் நான்கு அறையும் சும்மா கிடக்கின்றன. நாநா என்னைக் கூப்பிட்டு, "தேடுபொறிக்காரங்க ஏதோ மாத்தியிருக்காங்க, மூணு மாசம் பொறுக்கச் சொல்லுங்க டீச்சர். நேர போய்ச் சொன்னா மரியாதையா இருக்கும்" என்றார். மூன்று மாதத்தில் சீசன் முடிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரணம் தெரியாததால் கையாலாகாமல் சொன்ன வார்த்தை அது. சரி என்று புத்தளத்தில் கற்பிட்டி பஸ் ஏறினேன். பாலாவி தாண்டி நுரைச்சோலை வரும் வரைக்கும் அந்தப் பொய்யை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அக்காவின் வளவுக்குத் தகரக் கேட். சாத்தியிருந்தது. வெளியில் நின்று, "அக்கா!" என்றேன். சத்தமில்லை. கொஞ்சம் பொறுத்து, "அக்கா, நான் டீச்சர்!" என்றேன். அதற்கும் மறுமொழி இல்லை. உண்மையைச் சொல்கிறேன், மூன்றாம் தரம் கூப்பிட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆள் இல்லாவிட்டால் நல்லது, பொய்யை இன்னொரு நாள் சொல்லலாம் என்று மனசு சொன்னது. திரும்பி பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தேன்.

பின்னால் கேட் கிறீச்சிட்டது. கையில் அகப்பையோடு அக்கா ஓடி வந்தார்.

"டீச்சர்! எங்க போறீங்க? இவ்வளவு தூரம் வந்திட்டு ஆளைப் பாக்காம திரும்பிறீங்களே?"

"மூண்டு தரம் கூப்பிட்டன் அக்கா. சத்தமில்ல. வீட்டில இல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

"நான் பின்னுக்குச் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டன். கேட் என்ன பூட்டியா கிடக்கு? சும்மா சாத்தித்தானே வச்சிருக்கு. தள்ளிட்டு உள்ளுக்க வாறதுக்கென்ன?"

"எங்கட பழக்கம் அக்கா. மூண்டு தரம் சலாம் சொல்லி மறுமொழி வராட்டி திரும்பிரணும். அடுத்த ஆள்ட கேட்டைத் தள்ளப்படாது."

"நல்ல பழக்கம் போங்க!" என்று சிரித்தார். "உள்ளுக்கச் சோறு இருக்கு, கறி இருக்கு, நான் இருக்கன். நீங்க தள்ளல்ல எண்டா உங்களுக்கு ஒண்டும் இல்லத்தானே?"

நான் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். தங்கச்சி சொன்னதும் இவர் சொன்னதும் ஒரே சொல். தள்ளாவிட்டால் ஒன்றும் இல்லை. அமத்தாவிட்டால் ஒன்றும் இல்லை. யா அல்லாஹ், முஸாபிர் எந்தப் பட்டனை அமத்துவான்? அவனுக்குக் கையா இருக்கிறது? வருவான், வாசலில் நிற்பான், உள்ளே ஒன்றும் தெரியாது, மூன்று சொல்லை வாசித்துக்கொண்டு திரும்பிப் போவான். இரண்டு மாதத்துக்கு மேலாக அவன் அக்காவின் வாசலுக்கு வந்து வந்து போயிருக்கிறான். நான்கு அறையும் போட்டும் டொல்பினும் கேட்டுக்கு உள்ளே இருந்திருக்கின்றன. கேட்டைக் கட்டியவள் நான். அதுவும் எனக்குப் பெருமையான கேட்.

"என்ன டீச்சர், முகம் செத்துப்போச்சு? தலை சுத்துதா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினார். தண்ணீர் தந்தார்.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வாய்க்குள் பழகி வந்த பொய் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு ஒபிஸுக்குப் போய், சத்தமில்லாமல் வாசலை எடுத்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. சரியாகிவிட்டால் என்னைக் கெட்டிக்காரி என்றும் சொல்வார்கள். ஆனால் ஒரு மனுஷி தன் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதா இல்லையா என்று முடிவு எடுக்கப் போகிறார். பொய்யான காரணத்தை வைத்துக்கொண்டு அவர் அந்த முடிவை எடுக்கக் கூடாது. குடித்த கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, பிழை என்ட. தேடுபொறிக்காரன்ட இல்ல. நான் வச்ச அந்த மூண்டு பட்டன்தான் ஆக்களை வரவிடாம நிக்குது. இப்ப, உங்கட கேட்டடியிலதான் எனக்கே விளங்கிச்சு."

அவருக்கு விளங்குகிற மாதிரி விளக்கினேன். அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார் பாருங்கள்.

"ரெண்டு மாசம் டீச்சர்! ரெண்டு மாசமா நான் தலவிலக் கோயில்ல அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்திறன், ஆக்களை அனுப்பு தாயே எண்டு. அவ அனுப்பித்தான் இருப்பா. நீங்கதான் கேட்டைச் சாத்தி வச்சிட்டீங்க! என்ட பழைய சைட்டுக்கு என்ன குறை? வடிவில்லாட்டிலும் தொறந்து கிடந்திச்சே!"

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஏசி முடித்து எழும்பி உள்ளே போனார். என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு பாஸ்போர்ட்டை என் மடியில் வைத்தார்.

"நாளைக்கு ஏஜென்சிக்காரன் இதை வாங்க வாறான். என்ட கையில இருந்தா குடுத்திருவன், எனக்கு என்னைத் தெரியும். நீங்க கொண்டு போங்க. நத்தாருக்கு முதல் நெட்டைப் பாத்து ஒரு ஆளாவது வந்தா சரி. வராட்டி நானே வந்து வாங்குவன். நீங்கதான் உங்கட கையால எடுத்துத் தரணும்."

"அக்கா, நான் இவ்வளவு பிழை விட்டும் என்னை நம்பிறீங்களா?"

"பிழையைச் சொன்னீங்கதானே. ஏஜென்சிக்காரன் பதினொரு வருஷத்தில ஒரு பிழையும் சொன்னதில்ல," என்றார். "சரி, சோறு ஆறுது, வாங்க தின்ன."

சோறும் பாரைமீன் கறியும் தின்றுவிட்டு, பாஸ்போர்ட்டை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் நாநாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவுதானா? அப்ப லேசு! ஆக்களுக்கு இந்த வாசல் இப்பிடியே இருக்கட்டும். முஸாபிருக்கு மட்டும் பின்னால தனியா ஒரு பக்கம் வச்சுக் குடுப்பம். ரெண்டு மணித்தியால வேலை." நாநாவைக் குறை நினைக்காதீர்கள், அன்றைக்கு அப்படிச் செய்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. என் ஹேண்ட்பேக்கில் ஒரு பாஸ்போர்ட் கிடக்கிறது, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, நாலு கிழமைகூட இல்லை. ஆனால் முஸாபிருக்கு ஒரு முகம், ஆட்களுக்கு இன்னொரு முகம் என்று காட்டினால், என்றைக்காவது ஒருநாள் பிடிபடும். பிடிபட்டால் தேடுபொறி அந்த சைட்டையே ஒதுக்கிவிடும். தெண்டம் எனக்கில்லை, அக்காவுக்கு.

"நாநா, பத்து நாள் தாங்க. ஒரே முகமாச் செய்யிறன்," என்றேன். அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி டீச்சர், உங்கட மத்த வேலையை நான் பாக்கிறன். இன்ஷா அல்லாஹ்" என்றார். அந்தப் பத்து நாளும் என் மேசைக்கு வந்த போனையெல்லாம் அவர்தான் எடுத்தார். அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கிரிப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எழுத்து பக்கத்திலேயே இருக்கும்படி செய்தேன். மூன்று மொழிக்கும் மூன்று தனி முகவரி. துள்ளுகிற டொல்பினைத் தூக்கி வீசினேன். இந்தத் தடவை ஏழை ஒன்றாகச் செய்யவில்லை. ஒன்றைச் செய்வது, பார்ப்பது, எழுதி வைப்பது, பிறகு அடுத்தது. ஆனால் முன்வாசலில் வந்து மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றேன். பட்டன் இல்லை என்றால் எந்த மொழி முன்னுக்கு நிற்கும்? எதை வைத்தாலும் மற்ற இரண்டும் பின்னுக்குப் போகுமே? என்னால் முடியவில்லை. வெட்கத்தை விட்டு அக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

"டீச்சர், என்ட வீட்டுக்கு ஆர் வந்தாலும் நான் முதல்ல நீ எந்தப் பாஷை எண்டா கேக்கிறன்? வாங்க, இருங்க எண்டு கதிரையைத்தானே போடுறன். பிறகு வாயைத் திறக்க விளங்கும்தானே."

அவ்வளவுதான். முன்பக்கத்தில் மூன்று மொழியிலும் அருகருகே வாங்க என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அந்தந்த மொழியில் நாலு வரி போட்டு, விருப்பமானவர் அங்கிருந்து தன் மொழிப் பக்கத்துக்குப் போகிற மாதிரி வைத்தேன். எதையும் அமத்தத் தேவையில்லை. என் உம்மா கடைசிவரை வாசிக்கப் பழகவில்லை. பழகியிருந்தால் அந்த வாசலில் அவருக்கும் விளங்குகிற நாலு வரி இருந்திருக்கும்.

அந்த நாலு வரியை நான் முன்னமே எழுதி வைத்திருந்தேன். "நீலக்கடலின் மடியில் ஓர் அமைதிச் சொர்க்கம்" என்று தொடங்கும். போனிலேயே வாசித்துக் காட்டினேன். "இது எந்த ஊர் டீச்சர்?" என்று கேட்டார். பிறகு தானே சொன்னார், நான் அப்படியே எழுதினேன்:

"நாலு அறை இருக்கு. கடல் பக்கத்தில. காலமைக்கு மீன் கறியும் பாணும், இல்லாட்டி இடியப்பம். போட் எங்கடதான், ஓட்டுறது என்ட மனுசன். டொல்பின் கடவுள்ட பிள்ளைகள், வராட்டி எங்களோட கோவிக்கப்படாது."

சிங்களத்தையும் அவரே சொன்னார், என்னைவிட நன்றாக. இங்கிலீஷைக் குவைத்தில் பழகிய இங்கிலீஷில் சொன்னார். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

பிறகு காத்திருக்கிற வேலை. முஸாபிர் நம் அவசரத்துக்கு வரமாட்டான். ஒவ்வொரு நாளும் காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து தேடிப் பார்ப்பேன். இல்லை. அடுத்த நாளும் இல்லை. பாஸ்போர்ட்டை அலுமாரியில் சாரிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். சாரி எடுக்கத் திறக்கிற நேரமெல்லாம் அது என்னைப் பார்க்கும். டிசம்பர் மூன்றாவது ஞாயிறு அக்கா கோல் எடுத்து, ஒன்றும் கேட்காமல், "வெங்காயம் நல்லா வந்திருக்கு, அனுப்பட்டா?" என்றார். அன்றைக்கு அழுதேன்.

ஒரு புதன்கிழமை காலை தேடினேன். கற்பிட்டி, தங்க, அறை. முதல் பக்கத்தில் நாலாவதாக அக்காவின் வீட்டுப் பேர். அதன் கீழே சின்ன எழுத்தில்: "நாலு அறை இருக்கு. கடல் பக்கத்தில. காலமைக்கு மீன் கறியும் பாணும்..." முஸாபிர் உள்ளே வந்து அவருடைய வாய்ச்சொல்லை அப்படியே கொண்டு போயிருக்கிறான். சிங்களத்தில் தேடினேன், அதிலும் இருந்தது. "நாநா!" என்று கத்தினேன். அவர் கையில் இருந்த தேத்தண்ணியைக் கீபோர்டில் ஊற்றிக்கொண்டார்.

நத்தாருக்கு நாலு நாள் இருக்கும்போது முதல் ஆட்கள் வந்தார்கள். குருநாகல் பக்கத்துச் சிங்களத் தம்பதி, ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்கள். இரண்டு காலை கடலுக்குப் போய் ஒரு டொல்பினும் காணாமல் திரும்பினார்கள். அக்கா பயந்துபோய் முன்னால் வந்து நிற்க, அந்த மனிதர், "கோபிக்கக் கூடாது என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாராம். டொல்பினைப் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று இன்னும் ஒரு நாள் நின்று, மூன்றாம் நாள் பார்த்துவிட்டுத்தான் போனார்களாம். அந்த மாதம் முடியுமுன் நான்கு அறையும் நிரம்பிவிட்டன.

நத்தார் முடிந்து பாஸ்போர்ட்டைக் கொண்டுபோனேன். இந்தத் தடவை கேட்டைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனேன். அக்கா அதைக் கையால் தொடவில்லை. "உங்களிட்டயே கிடக்கட்டும் டீச்சர். அங்க கிடந்தாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார். கொக்கிஸ் பலகாரமும் கேக்கும் கட்டித் தந்தார்.

பிள்ளைகளே, இத்தனை வருஷத்தில் எத்தனையோ சைட் திருத்தியிருக்கிறேன். எதைத் திருத்தப் போனாலும், இதைச் செய்தவர் எதைப் பற்றிப் பெருமைப்படுகிறார் என்று முதலில் விசாரிப்பேன். பெரும்பாலும் பிழை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். உங்களுடைய சைட்டிலும் அப்படியே தேடுங்கள். ஒருமுறையாவது ஒன்றையும் அமத்தாமல், ஒன்றையும் தள்ளாமல், புதிய ஆளாக வாசலில் நின்று பாருங்கள். பிழையைக் கண்டால், திருத்துவதற்கு முதல் சொல்லிவிடுங்கள். ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கு விழுந்த ஏச்சுக்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லாத நாளில்லை.

போன மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தப் பாஸ்போர்ட் கையில் பட்டது. விரித்துப் பார்த்தேன், திகதி முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. உடனே அக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

"அக்கா, உங்கட பாஸ்போர்ட் முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சா முடியட்டும்!" என்றார். பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமும். அதற்குள் சின்னவளின் குரல் கேட்டது. இப்போது குமராகிவிட்டாள், யாரோடோ இங்கிலீஷில் கதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, வெளியில ஆரோ கூப்பிடுறாங்க" என்றாள்.

"வைக்கிறன் டீச்சர்," என்றார் அக்கா. "கேட்டடியில ஆக்கள் நிக்கிறாங்க. உங்களைப் போல தள்ளிட்டு வரத் தெரியாத ஆக்கள். போய்க் கூட்டிட்டு வாறன்."